198: பெங்களூர் கேட்ட புகார்கள்

வீட்டில் கறுப்புத் தொலைபேசி இருந்த காலத்தில், அது செத்துப்போனால் சுழற்ற வேண்டிய எண் 198. செத்துப்போன போனிலிருந்து சுழற்ற முடியாது என்பதால் பக்கத்து வீட்டுக்கோ மருந்துக்கடைக்கோ போக வேண்டும். மறுமுனையில் ஒரு குரல் உங்கள் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வைத்துவிடும். இன்று கைபேசியில் எந்த நிறுவனத்தின் இணைப்பை வைத்திருந்தாலும் புகார் சொல்வதற்கான எண் அதே 198தான். எண் மாறவில்லை. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார், அவரால் என்ன செய்ய முடியும் என்பவைதான் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இந்த மாற்றத்தைப் படிக்கப் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. இந்தியாவின் தொலைபேசிக் கருவியைச் செய்ததும் இந்த ஊர், அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததும் இந்த ஊர். பிறகு உலகத்தின் கோபத்தையெல்லாம் ராத்திரி கண்விழித்துக் காதில் வாங்கிக்கொண்டதும், இப்போது அந்தக் காதுக்குப் பதிலாக இயந்திரத்தைப் பழக்குவதும் இதே ஊர்தான்.

பெரிய நிறுவனங்களிடம் அல்லல்படும்போது நாம் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் மனிதர்களைப் பற்றியவை: பேசிய பெண்ணுக்குப் பொறுமை இல்லை, அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை, யாருக்கும் அக்கறை இல்லை. பெங்களூரின் எழுபத்தைந்து ஆண்டு வரலாறு வேறு காரணத்தைக் காட்டுகிறது. குறையைக் கேட்கிறவரும் குறையைத் தீர்க்கும் அதிகாரம் உள்ளவரும் இங்கே படிப்படியாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு பிரிவினையும் நிறுவனத்தின் கணக்கில் லாபமாகவே விழுந்தது. சிக்பேட்டை ஜவுளிக்கடையில் சாயம் போன புடவையைக் கொண்டுபோய்ப் போட்டால், கல்லாவில் உட்கார்ந்திருப்பவரே கேட்பார், அவரே முடிவு சொல்வார். அவர் நல்லவராக இருக்க வேண்டியதில்லை, சண்டைக்காரராகக்கூட இருக்கலாம். ஆனால் யாரோடு சண்டை போட வேண்டும் என்பதில் குழப்பம் இருக்காது.

முதல் பிரிவினை பழைய மதராஸ் சாலையில், கிருஷ்ணராஜபுரத்துக்கு அருகே நடந்தது. 1948-இல் அங்கே இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகு எழுந்த முதல் பொதுத்துறை ஆலை அது. லிவர்பூலின் ஆட்டோமேட்டிக் டெலிபோன் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் ஸ்ட்ரோஜர் இணைப்பகங்களும் தொலைபேசிக் கருவிகளும் செய்தார்கள். ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்குத் தூரவாணிநகர் என்று பெயர். கன்னடத்தில் தூரவாணி என்றால் தொலைபேசி. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் எச்.ஏ.எல்., பி.இ.எல். என்ற மற்றப் பொதுத்துறை ஆலைகளைப் போலவே ஐ.டி.ஐ. என்ற மூன்றெழுத்தும் நிரந்தர வருமானத்துக்கும் கல்யாணச் சந்தை மதிப்புக்கும் இன்னொரு பெயராக இருந்தது. அந்த ஆலையின் வாடிக்கையாளர் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். போனைக் காதில் வைத்துப் பேசுகிறவர் அதன் வாடிக்கையாளர் இல்லை. தபால் தந்தித் துறைதான் வாங்கியது, பெரும்பாலும் அது மட்டுமே. டயல் பாதி வழியில் சிக்கிக்கொண்டால் மல்லேஸ்வரத்துக்காரர் துறையிடம் சொல்லலாம். துறை ஆலைக்குச் சொன்னால் உண்டு. பத்து மைல் தள்ளி இருக்கும் ஆலைக்கு நேராகச் சொல்லும் வழி எதுவும் இல்லை.

இதன் விளைவு 1960-களின் பிற்பகுதியில் பெரிதாக வெடித்தது. பெல்ஜியத்தின் பெல் டெலிபோன் நிறுவனத்தோடு 1964-இல் ஒப்பந்தம் செய்து பெண்டாகாண்டா என்ற கிராஸ்பார் இணைப்பகத்தை ஐ.டி.ஐ. செய்யத் தொடங்கியது. ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு போன் இருந்ததால் ஒவ்வொரு போனும் நாளுக்குச் சில முறைதான் ஒலிக்கும். அந்த அளவுக்குத்தான் இணைப்பகத்தை வடிவமைத்திருந்தார்கள். நம் ஊரில் தெருவுக்கு ஒரு போன். தெருவே அதில் பேசும், கடைக்காரர் போனில் காலை முதல் மாலை வரை விரல் ஓயாது. அந்தச் சுமையை இணைப்பகத்தால் தாங்க முடியவில்லை. தப்பான எண், குறுக்குப் பேச்சு, சுழற்றி முடித்தும் ஒலிக்காத மௌனம் என்று ஒரு தலைமுறையின் அனுபவமே அதிலிருந்துதான் வந்தது. பேசுகிறவர்களின் பழக்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி ஆலைக்கு இருந்திருந்தால், வாங்கும்போதே இந்தக் கேள்வி எழுந்திருக்கும்.

துறையின் பக்கமோ பற்றாக்குறை ஆட்சி செய்தது. 1991-இல்கூட நாடு முழுவதும் இருந்த இணைப்புகள் ஏறத்தாழ 50 லட்சம்தான். காத்திருப்போர் பட்டியல் லட்சக்கணக்கில் நீண்டது. முன்பணமாகச் சில ஆயிரங்கள் கட்டினால் ‘ஓ.ஒய்.டி.’ என்ற தனி வரிசை, இல்லாவிட்டால் பொது வரிசை. அப்பா விண்ணப்பித்துப் பிள்ளை கல்லூரி முடித்த பிறகு போன் வந்த கதை பெங்களூரின் பழைய பகுதிகளில் அபூர்வமே இல்லை. வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். சாதாரணம், அர்ஜண்ட், லைட்னிங் என்று மூன்று விலை, லைட்னிங்குக்குச் சாதாரணக் கட்டணத்தைப்போல எட்டு மடங்கு. 1980-களின் தொடக்கத்தில் தகவல் தொடர்பு அமைச்சராக இருந்த சி.எம். ஸ்டீபன், நாடாளுமன்றத்தில் தொலைபேசியின் சீர்கேட்டைப் பற்றிக் கேட்டபோது, போன் ஒரு ஆடம்பரம், பிடிக்காதவர்கள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சொன்னதாக இன்றும் சொல்வார்கள். ஆணவமான பதில்தான். ஆனால் அதற்குப் பின்னால் கணக்கு சரியாகவே இருந்தது: ஒருவர் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வரிசையில் ஆயிரம் பேர்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது அந்தக் காலத்துக்கு அப்படியே பொருந்தும். பூசாரி லைன்மேன். 198-இல் பேசியவருக்கு அதிகாரம் இல்லை, ஆனால் மிதிவண்டியில் ஏணியோடும் டெஸ்ட் போனோடும் வந்த லைன்மேனுக்கு இருந்தது. கம்பத்துப் பெட்டியைத் திறந்து உங்கள் ஜோடிக் கம்பியை வேறு நல்ல ஜோடிக்கு மாற்றிப் போட அவரால் முடியும். அதனால்தான் ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் அவருக்கு வேட்டியும் காசும் போயின. இது லஞ்சம்தான், பூசி மெழுக வேண்டாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தீர்க்கிற கை அப்போது தெருவில் கண்ணுக்குத் தெரிந்தது. அவர் பெயர் தெரியும், அவர் எந்த டீக்கடையில் நிற்பார் என்றும் தெரியும்.

சட்டத்தின் கதவும் அரசின் கையிலேயே இருந்தது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவுப்படி, இணைப்பு பற்றிய தகராறு வந்தால் மத்திய அரசு நியமிக்கும் மத்தியஸ்தர் தீர்ப்பார், அவர் தீர்ப்பே முடிவானது. போன் நடத்துவதும் அரசு, மத்தியஸ்தரை நியமிப்பதும் அரசு. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், வக்கீல்கூட வேண்டாம் என்றார்கள். தப்பான பில், அறிவிக்காமல் துண்டித்த இணைப்பு என்று மக்கள் மாவட்ட மன்றங்களுக்குப் போனார்கள், சிலர் சில ஆயிரங்கள் இழப்பீடும் பெற்றார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றம் 7பி-யைக் காட்டி, தனி வழி இருக்கும்போது நுகர்வோர் மன்றத்துக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அதற்குள் கைபேசித் துறையில் பெரும் தனியார் நிறுவனங்கள் வந்துவிட்டிருந்தன. அரசுத் துறைக்காகப் போட்ட பூட்டு அவற்றின் வாசலிலும் தொங்கியது. அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பல மன்றங்கள் வழக்குகளைத் திருப்பி அனுப்பின. 2022 பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம், 7பி இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று தெளிவாகச் சொன்னது. இடையில் போனது பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். இந்தியாவில் கைபேசி கோடிக்கணக்கான கைகளுக்குப் போன ஆண்டுகள் அவை.

இரண்டாவது பிரிவினையை விளங்கிக்கொள்ள டென்மார்க் வரை போய்வர வேண்டும். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ.கே. எர்லாங், எத்தனை பேர் எவ்வளவு நேரம் பேசினால் எத்தனை இணைப்புகள் வேண்டும் என்பதற்கு 1909-லும் 1917-லும் கணிதம் எழுதினார். தூரவாணிநகரில் செய்த இணைப்பகங்களும் அந்தக் கணக்கைச் சார்ந்தவைதாம். 1973-இல் அமெரிக்காவின் ராக்வெல் நிறுவனம் காண்டினெண்டல் ஏர்லைன்ஸுக்காக, வரும் அழைப்புகளை வரிசையில் நிறுத்தி ஆள் ஆளாகப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரத்தைச் செய்தபோது, எர்லாங்கின் கணக்கு கம்பிகளிலிருந்து மனிதர்களுக்குத் தாவியது. எத்தனை ஆளைக் குறைத்தால் எத்தனை நிமிடம் காத்திருப்பு கூடும், அதில் எத்தனை பேர் சலித்துப்போய் வைத்துவிடுவார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கிட முடிந்தது. “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்” என்ற பதிவுக்குரலுக்குப் பின்னால் ஓடும் இசையின் நீளம் தற்செயலானது இல்லை. அது ஒருவர் போட்ட பட்ஜெட்.

இந்தக் கணக்கில் ஆள் செலவைச் சரித்துவிடும் இடமாகப் பெங்களூர் வந்து சேர்ந்தது. 1985-இல் வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் போட்ட செயற்கைக்கோள் இணைப்பு வழி காட்டியது, 2000-இல் பி.வி. கண்ணனும் சண்முகம் நாகராஜனும் தொடங்கிய 24/7 கஸ்டமர் போன்ற நிறுவனங்கள் அந்த வழியில் குரலை அனுப்பின. தாமஸ் ஃபிரீட்மன் 2005-இல் எழுதிய ‘த வேர்ல்ட் இஸ் ஃப்ளாட்’ நூலில் அந்த நிறுவனத்தின் ராத்திரி ஷிஃப்ட் வியப்போடு வருகிறது. தொலைதூர அழைப்புக்கு எட்டு மடங்கு காசு கேட்ட ஊரில், ஒரு தலைமுறைக்குள் அமெரிக்காவின் அழைப்புகள் வந்து விழுந்தன. பட்டம் வாங்கிய இளைஞர்களுக்கு உச்சரிப்பு வகுப்பு நடந்தது, கார்த்திக் என்று பெயருள்ளவன் ராத்திரியில் வேறு பெயரில் பேசினான், இருட்டில் குவாலிஸ்களும் சுமோக்களும் தெருத்தெருவாக ஆள் ஏற்றின. ஃபிரீட்மன் இதில் உலகம் தட்டையாவதைப் பார்த்தார். ஒரு ஏஜெண்டின் மேசையிலிருந்து பார்த்தால் அவ்வளவு தட்டையாகத் தெரியாது. காதில் ஹெட்செட், எதிரே சொல்ல வேண்டிய வாசகங்கள், திரையின் ஓரத்தில் இந்த அழைப்பு தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்ற ஓட்டம். மன்னிப்புக் கேட்கும் வாசகம் அங்கே தயாராக இருக்கும். பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பட்டன் இருக்காது. பழமொழி இங்கே தலைகீழாகிவிட்டது: பூசாரி கொடுக்கத் தயார், சாமி இருக்கும் ஊரே அவருக்குத் தெரியாது.

ஏஜெண்டின் உச்சரிப்புதான் பிரச்சினை என்று அமெரிக்காவில் அப்போது பலர் சொன்னார்கள். 2003 நவம்பரில் டெல் நிறுவனம், கம்பெனிகள் வாங்கும் ஆப்டிபிளெக்ஸ், லேட்டிட்யூட் கணினிகளுக்கான உதவி அழைப்புகளைப் பெங்களூரிலிருந்து அமெரிக்காவுக்கே திருப்பிக்கொண்டது. பலருக்கு அது உச்சரிப்பு வாதத்தின் வெற்றியாகத் தெரிந்தது. கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். திரும்பியவை மொத்தமாக வாங்கும் கம்பெனிகளின் அழைப்புகள் மட்டுமே. வீட்டுக்கு ஒரு கணினி வாங்கியவரின் அழைப்பு பெங்களூருக்கே வந்துகொண்டிருந்தது. உச்சரிப்புதான் காரணமென்றால் இரண்டையும் அல்லவா மாற்றியிருக்க வேண்டும்? 2005-இல் ஜெஃப் ஜார்விஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அதே நிறுவனத்தின் கணினியை வாங்கிப் பட்ட பாட்டை ‘டெல் ஹெல்’ என்று இணையத்தில் எழுதி உலகறியச் செய்தார். வீட்டுக்கே வந்து பழுது பார்ப்பதற்கு அவர் கூடுதலாகப் பணம் கட்டியிருந்தார். வருகிற ஆளிடம் உதிரிபாகம் இருக்காது, கணினியை அனுப்பிவையுங்கள் என்றார்கள். அந்தக் கதையில் உச்சரிப்புக்கு எந்த வேலையும் இல்லை. வந்து நிற்பவரின் கையில் தீர்க்கும் பொருள் இல்லை என்பதுதான் கதை.

நியாயமான எதிர்வாதம் ஒன்று உண்டு. கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகக் கல்லா முதலாளி உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியுமா? ஏஜெண்டுக்கெல்லாம் பணம் கொடுக்கும் அதிகாரம் கொடுத்தால் மோசடி வராதா? மலிவான கட்டணத்துக்கு இது விலை இல்லையா? கடைசிக் கேள்வி வலுவானது. 1991-இல் போனுக்கு ஏங்கிய குடும்பம் இன்று ஆளுக்கொரு போன் வைத்திருப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம். லைன்மேனுக்கு வேட்டி கொடுத்த காலம் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் இதே நிறுவனங்கள் விற்கும்போது தொலைபேசியிலேயே அதிகாரம் பகிர்கின்றன. இணைப்பை ரத்து செய்கிறேன் என்று சொல்லிப்பாருங்கள், மூன்று மாதம் பாதிக் கட்டணம் என்று தள்ளுபடி கொடுக்கும் உரிமை உள்ள ஒருவர் உடனே லைனில் வந்துவிடுவார். ஆக, அதிகாரத்தைப் பகிர முடியாது என்பதில்லை. எந்த வாசலில் பகிர்வது என்பது அவர்களாக எடுத்த முடிவு.

அப்படியானால் போட்டி வந்தால் சரியாகிவிடுமே, பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போகலாமே என்பார்கள். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலாளர் 1970-லேயே இதற்கு ஒரு சங்கடமான பதிலை வைத்திருந்தார். நைஜீரிய ரயில்வே ஏன் திருந்தவில்லை என்று யோசித்தவர் அவர். லாரிகள் போட்டிக்கு வந்ததும், சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கக்கூடிய வாடிக்கையாளர்கள் லாரிக்கு மாறிவிட்டார்கள். வேறு வழியில்லாத, சத்தம் போடாத ஆட்கள் மட்டும் ரயிலில் மிஞ்சினார்கள். புகார் குறைந்தது, ரயில் அப்படியே இருந்தது. கைபேசியிலும் விவரமானவர் போர்ட் செய்துவிடுகிறார், வங்கிக் கணக்கு முதல் கேஸ் சிலிண்டர் வரை ஒரே எண்ணில் கட்டிவைத்திருக்கும் பெரியவர் 198-இல் காத்திருக்கிறார். போதாததற்கு ஒரு டஜன் நிறுவனங்கள் இருந்த சந்தை இன்று மூன்று தனியார் நிறுவனங்களும் பி.எஸ்.என்.எல்.-உம் என்று சுருங்கிவிட்டது. போவதற்கு இடமே குறைவு.

கண்காணிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இருக்கிறதே என்றால், அதன் அளவுகோலைப் பார்க்க வேண்டும். அழைப்புகளில் 95 விழுக்காட்டை 90 நொடிக்குள் மனிதர் எடுக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. நல்ல விதி, ஆனால் அது அளப்பது காதை. எடுத்த பிறகு என்ன நடந்தது என்பதற்கு நிறுவனமே போடும் ஒரு முத்திரைதான் சாட்சி: ‘தீர்க்கப்பட்டது’. ஒரு புகாருக்கு டாக்கெட் எண் கொடுத்து, குறுஞ்செய்தியில் முடித்துவைத்து, மறுபடி கூப்பிட்டால் புது எண் கொடுத்தால், ஏட்டில் ஒரு தீராத புகாருக்குப் பதில் இரண்டு தீர்ந்த புகார்கள் இருக்கும். பெங்களூரைத் தலைமையிடமாகவும் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலையும் கொண்ட மின்ஸ்கூட்டர் நிறுவனமான ஓலா எலெக்ட்ரிக்கின் விவகாரம் இந்த முத்திரையின் மதிப்பைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. ஓராண்டில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்த 10,644 புகார்களைக் காட்டி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் அந்த நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 விழுக்காடு தீர்க்கப்பட்டுவிட்டது என்றது நிறுவனம். அந்தப் பதிலோடு விஷயம் முடியவில்லை, ஆணையம் விரிவான விசாரணைக்கு உத்தரவிட்டது. நோட்டீஸுக்கு ஒரு மாதம் முன்புதான், கலபுரகியில் அந்த நிறுவனத்தின் காட்சியகத்துக்குத் தீ வைத்ததாக வாடிக்கையாளர் ஒருவர் கைதாகியிருந்தார். ஸ்கூட்டர் வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. தீ வைத்தது குற்றம்தான். ஆனால் அவர் போய் நின்ற இடத்தைப் பாருங்கள்: அது விற்கும் இடம், தீர்க்கும் இடம் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த வாசல் அது ஒன்றுதான்.

வேடிக்கை என்னவென்றால், கேட்பவரையும் தீர்ப்பவரையும் மறுபடி ஒட்டவைக்கும் முயற்சியைக் கர்நாடகத்தில் செய்து பார்த்தது நாம் அதிகம் திட்டும் அரசு அலுவலகம்தான். 2011-ஆம் ஆண்டின் சகாலா சட்டப்படி, சான்றிதழ் கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எண்ணும் கெடுநாளும் உண்டு. தாமதமானால் பொறுப்பு அதிகாரி நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் கொடுக்க வேண்டும். தொகை அற்பம், கேட்டு வாங்கியவர்களும் குறைவு. ஆனாலும் தாமதத்துக்கு ஒரு நாற்காலியைப் பெயர் சொல்லிக் காட்டுகிற அந்த ஒற்றை ஏற்பாட்டைப் பெரிய நிறுவனங்களின் வாடிக்கையாளர் சாசனங்களில் காண்பது அரிது. பெங்களூரின் நிறுவனங்கள் எதிர்த்திசையில் போகின்றன. 24/7 கஸ்டமர் தன் பெயரிலேயே ஏஐ சேர்த்துக்கொண்டது. கணினியே தட்டச்சு செய்யும், கணினியே பேசும். அதிகாரமில்லாத மனிதரின் இடத்தில் அதிகாரமில்லாத இயந்திரம் வருகிறது. அதற்கு இரக்கப்படக்கூடத் தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

எஞ்சியிருப்பது நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் வாடிக்கையாளர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, வாய்தாக்களோ வேறு கணக்கில் நகர்கின்றன. நோட்டீஸ் போன சில வாரங்களில் நிறுவனத்தின் பதில் வரும். பெரும்பாலும் எல்லாவற்றையும் மறுத்திருப்பார்கள், புகார் ஏற்கெனவே தீர்க்கப்பட்டது என்றும் எழுதியிருப்பார்கள். கூடவே ஒரு பிரமாணப் பத்திரம் இருக்கும். அதன் அடியில், இத்தனை மாதமாக 198-லும் குறுஞ்செய்தியிலும் எங்கும் காணாத ஒன்று மை காய்ந்து இருக்கும்: ஒரு பெயர், ஒரு பதவி, ஒரு கையெழுத்து.